மச்சில் கிடந்த டெஸ்க்டாப்பை எழுப்புவது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் என் கூட்டாளி ஒருவன் டிடிபி கடை வைத்திருந்தான். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கடைத் திறப்பு அழைப்பு எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் அடித்துத்தான் அச்சுக்குப் போகும். கடையை மூடியபின் அதை வீட்டு மச்சில் ஏற்றிவிட்டான். இப்போது மகள் கல்லூரிக்குப் போகிறாள், வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். "இத பழைய இரும்புக்கடையில போட்டுட்டு புதுசு ஒண்ணு வாங்கிரவா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

மிஷின் இதுதான்: எச்61 சிப்செட் கொண்ட மதர்போர்டு (எல்லாப் பாகமும் மாட்டியிருக்கும் பலகை), இன்டெல் இரண்டாம் தலைமுறை ஐ3 செயலி (பிராசசர்), 2 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 7. 2011-ஐ ஒட்டி வந்த சரக்கு. நெல்லை, தென்காசிப் பக்கம் மூடிய பிரௌசிங் சென்டர், ஜெராக்ஸ் கடை பலவற்றிலும் இதே ஜாடையில் ஒன்று கிடக்கும். இப்படிப்பட்ட மிஷின் ஓடாமல் போவதற்குப் பெரும்பாலும் தூசி, செயலிக்கும் கூலருக்கும் நடுவே காய்ந்துபோன பேஸ்ட், செத்த பேட்டரி, கெட்ட கரண்டு இவைதான் காரணம். செயலி சாவது அபூர்வம். அதனால் எதையும் விலைக்கு வாங்குவதற்கு முன் இந்த நாலையும் பாருங்கள். மிஷின் ஒரு தடவை எழுந்துவிட்டால், வேறு எந்த வேலைக்கும் முன்னால் உள்ளே இருக்கிற ஃபைல்களை வெளியே எடுங்கள்.

பிளக்கில் மாட்டுவதற்கு முன்

வருஷக்கணக்கில் ஓடாத மிஷினை எடுத்த எடுப்பில் கரண்டில் சொருகாதீர்கள். பக்கத் தகட்டைக் கழற்றி வெயில் வெளிச்சத்தில் வைத்து உள்ளே பாருங்கள். பல்லி முட்டை, கரப்பான் எச்சம், எலி கொறித்த வயர், குளவி கட்டிய மண்கூடு என எல்லாமே இருக்கலாம். எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் (வீட்டுக் கரண்டை மிஷினுக்கு ஏற்ற வோல்ட்டாக மாற்றித் தருவது) பல்லி காய்ந்து கிடந்தால் ஸ்விட்சைப் போட்ட நொடியில் ஷார்ட் ஆகிவிடும். காற்றுத் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரியும்.

தூசியிலும் வகை உண்டு. ஆனி, ஆடியில் கணவாய் வழியாக இறங்குகிற காற்று கொண்டுவரும் செம்மண் புழுதி உலர்ந்தது, ஊதினால் போய்விடும். பீடி சுற்றுகிற வீடுகளில் புகையிலைத் தூள் ஈரத்தை இழுத்துப் பிசினாக ஒட்டியிருக்கும். அதைப் பிரஷ் வைத்துச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். உவரி, இடிந்தகரை மாதிரி கடலோர ஊர் மிஷினில் தூசியைவிட உப்புத் துருதான் தொல்லை. கனெக்டர் முனைகள் பச்சை பூத்து நிற்கும்.

சுத்தம் செய்வதை வாசலிலோ மொட்டை மாடியிலோ வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு அங்குலப் பெயின்ட் பிரஷ் (புதியது), பிறகு ஏர் புளோயர். புளோயர் அடிக்கும்போது ஒவ்வொரு ஃபேனின் இறக்கையையும் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் தாறுமாறாகச் சுற்ற விட்டால் பேரிங் கெடும், ஃபேனே கரண்டை உற்பத்தி செய்து போர்டுக்குள் அனுப்பவும் செய்யும். வீட்டு வாக்குவம் கிளீனர் வேண்டாம், அதன் குழாய் முனையில் நிலைமின்சாரம் சேரும். ஈரத்துணி வேண்டவே வேண்டாம். பிசுக்கு இருந்தால் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும்.

அப்படியே மதர்போர்டில் உள்ள உருளை வடிவக் கெபாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருந்தால் நல்லது. உப்பியிருந்தாலோ பழுப்பாக ஏதாவது கசிந்திருந்தாலோ அதை மாற்றாமல் மேலே போவதில் பயன் இல்லை. 2000-த்தில் தொடங்கி 2007 வரை வந்த போர்டுகளில் இந்த நோய் அதிகம். டிவி ரிப்பேர் தெரிந்தவர்கள் சுலபமாக மாற்றித் தருவார்கள். அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது அதற்கு மேல், 105 டிகிரி, குறைந்த ஈஎஸ்ஆர் (உள்தடை) வகை என்று கேட்டு வாங்குங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த பெருமழையில், தாமிரபரணி வெள்ளத்தில் நனைந்த மிஷின் என்றால் கதை வேறு. அதைக் கரண்டில் மாட்டவே கூடாது. எஸ்எம்பிஎஸ்ஸை யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். போர்டிலிருந்து பொத்தான் பேட்டரியைக் கழற்றி, சேற்றை டிஸ்டில்டு வாட்டரால் கழுவி, ஆல்கஹால் தடவி, பல நாள் நிழலில் உலரவிட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு. ஹார்டு டிஸ்க்கில் காற்றுத் துளை இருக்கும், அது வழியாகத் தண்ணீர் போயிருக்கலாம். உள்ளே இருப்பது முக்கியம் என்றால் அதைச் சுழலவிடாமல் டேட்டா மீட்பவர்களிடம் கொடுங்கள்.

"பட்டனை அமுக்குனா ஒரு அசைவும் இல்ல"

பாதி நேரம் பட்டனே கெட்டிருக்கும். கேபினெட்டின் முன்பக்க ஸ்விட்ச் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். மதர்போர்டின் கீழ் ஓரத்தில் முன்பக்க வயர்கள் சொருகியிருக்கிற இடத்தில் பவர் ஸ்விட்ச் என்று குறித்த இரண்டு பின்கள் இருக்கும். வயரை உருவிவிட்டு, ஸ்க்ரூடிரைவர் முனையால் அந்த இரண்டு பின்னையும் ஒரு நொடி தொடுங்கள். மிஷின் கிளம்பினால் ஸ்விட்ச்தான் குற்றவாளி. ரீசெட் பட்டனின் வயரை அந்தப் பின்னில் மாட்டிவிட்டால் காசு செலவில்லாமல் வேலை முடிந்தது.

கிளம்பவில்லையா? பவர் கார்டை மாற்றிப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் பின்னால் உள்ள சின்ன ஸ்விட்ச் கோடு போட்ட பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகச் சோதிக்கலாம். கரண்டை எடுத்துவிட்டு 24 பின் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றுங்கள். அதில் பச்சை வயர் ஒன்றுதான் இருக்கும். அதையும் பக்கத்துக் கறுப்பு வயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்துவிட்டுக் கரண்டைப் போடுங்கள். எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுற்ற வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால் கறுப்புக்கு எதிரே மஞ்சளில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வர வேண்டும். ஊதா வயரில் கிளிப் இல்லாமலேயே 5 வோல்ட் நிற்க வேண்டும். அது இல்லையென்றால் பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும் போர்டுக்குச் சேதி போகாது.

ஃபேன் சுற்றினாலே எஸ்எம்பிஎஸ் நல்லது என்று நம்பிவிடாதீர்கள். பாரம் ஏறும்போதுதான் மட்டமான சரக்கு விழும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கை உருவியபிறகும் உள்ளே பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். இந்த மொத்த வேலையிலும் உயிருக்கு ஆபத்தான இடம் இதுதான். மாற்ற வேண்டுமானால் கேபினெட்டோடு இலவசமாக வருகிற ரகத்தை எடுக்காமல், கொஞ்சம் கூடக் கொடுத்து நல்லதாக வாங்குங்கள். மற்ற எல்லாப் பாகமும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

"தகட்டைத் தொட்டா சுர்ருங்குது"

மிஷினில் கோளாறு என்று பயப்பட வேண்டாம். வீட்டில் எர்த் இல்லை என்பதுதான் இதன் அர்த்தம். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் லைனுக்கும் தகட்டுக்கும், நியூட்ரலுக்கும் தகட்டுக்கும் இடையே இரண்டு சின்னக் கெபாசிட்டர்கள் உண்டு. எர்த் சரியாக இருந்தால் அவை வழியே கசிகிற துளிக் கரண்டு மண்ணுக்குப் போய்விடும். இல்லாதபோது 230 வோல்ட்டில் பாதி, ஏறத்தாழ 115, தகட்டில் மிதக்கும். பழைய வீடுகளில் சாக்கெட்டின் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. இருந்தாலும் கோடையில் எர்த் குழி காய்ந்து கிடக்கும், இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினாலே வித்தியாசம் தெரியும். டூ பின் பிளக் போட்டு ஓட்டுவதை நிறுத்துங்கள். பென் டிரைவும் பிரிண்டரும் சொருகும்போது போர்ட் சாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

"ஃபேன் சுத்துது, படம் வரல"

முதலில் மானிட்டரைச் சந்தேகப்படுங்கள். விஜிஏ கேபிளின் பின் ஏதாவது வளைந்திருக்கிறதா? தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் அந்தக் கார்டில் மாட்டியிருக்க வேண்டும். போர்டில் மாட்டிவிட்டுப் படம் வரவில்லை என்று தவிப்பவர்கள் அநேகம். மானிட்டரில் விளக்கு எரிந்து திரை மட்டும் கறுப்பாக இருந்தால், இருட்டில் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பேக்லைட் போயிருக்கிறது, கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது.

அடுத்தது ராம். ஓடாமல் கிடந்த மிஷினில் படம் வராததற்கு முதல் காரணம் இதுதான் என்பேன். கரண்டை எடுத்து, பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கி மிச்சக் கரண்டை வடியவிட்டு, ராமைக் கழற்றுங்கள். அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் இரண்டு பக்கமும் மெல்லத் தேய்த்து, தூளைப் பிரஷால் தட்டி, ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். ஸ்லாட்டையும் ஊத வேண்டும், வாயால் அல்ல, எச்சில் படும். பிறகு ஒரே ஒரு ராமை ஒரு ஸ்லாட்டில், இரண்டு பக்கக் கொக்கியும் "டக்" என்று விழும்வரை அமுக்கி மாட்டி முயலுங்கள். வராவிட்டால் அடுத்த ஸ்லாட், அடுத்த ராம் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை இது.

அதற்கும் அசையவில்லை என்றால் தேவையில்லாததை எல்லாம் கழற்றுங்கள்: ஹார்டு டிஸ்க், டிவிடி டிரைவ், கூடுதல் கார்டு, முன்பக்க யுஎஸ்பி வயர். போர்டு, செயலி, ஒரு ராம், எஸ்எம்பிஎஸ் மட்டும் இருக்கட்டும். ஜெராக்ஸ் கடையிலிருந்து வந்த மிஷினில் முன்பக்க யுஎஸ்பி போர்ட் கண்டிப்பாக அடிபட்டிருக்கும். உள்ளே பின் வளைந்து ஷார்ட் ஆனால் போர்டே மூச்சுவிடாது.

பீப் சத்தம் கேட்டால் நல்ல காலம், மிஷினே நோயைச் சொல்கிறது. நீளமான பீப் விடாமல் வந்தால் பெரும்பாலும் ராம். அவார்டு வகை பயாஸில் (மிஷின் எழும்போது முதலில் ஓடும், போர்டின் சொந்த நிரல்) ஒரு நீளமும் இரண்டு குட்டையும் வந்தால் டிஸ்ப்ளே. மலிவான கேபினெட்டுகளில் பீப் ஸ்பீக்கரே இருக்காது, சின்ன பஸ்ஸர் ஒன்று வாங்கிப் போர்டில் ஸ்பீக்கர் என்று குறித்த இடத்தில் சொருகிக்கொள்ளுங்கள்.

"எப்ப போட்டாலும் தேதி தப்பா இருக்கு, எஃப்1 அமுக்கச் சொல்லுது"

பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர்2032, 3 வோல்ட், வாட்ச் கடையிலும் கிடைக்கும். சின்ன விஷயம்தான், ஆனால் இதனால் இரண்டு பெரிய தொல்லைகள் வரும். தேதி பின்னால் போய்விட்டால் பிரௌசர் எந்த வங்கித் தளத்தையும் அரசுத் தளத்தையும் பாதுகாப்பில்லை என்று சொல்லித் திறக்காது. இன்டர்நெட் கோளாறு என்று நினைத்து ஆளைக் கூப்பிடுவார்கள். இரண்டாவது, பயாஸ் அமைப்பு அழிந்து சாட்டா முறை (ஹார்டு டிஸ்க்கோடு போர்டு பேசும் விதம்) ஏஹெச்சிஐ-யிலிருந்து ஐடிஇ-க்கு மாறிவிடலாம். அப்போது விண்டோஸ் நீலத்திரையில் 7பி என்று முடியும் எண்ணைக் காட்டிவிட்டு விழும். பேட்டரியை மாற்றி, பயாஸில் பழைய முறையைத் திருப்பி வைத்தால் விண்டோஸ் தானே எழும். இது தெரியாமல் ஃபார்மேட் அடித்து, உள்ளே இருந்த எல்லாவற்றையும் தொலைத்தவர்கள் உண்டு.

"பத்து நிமிசத்துல தானா அணைஞ்சிருது"

சூடு. பயாஸில் செயலியின் வெப்பத்தைப் பாருங்கள். சும்மா நிற்கும்போதே 70, 80 டிகிரிக்கு ஏறினால் சந்தேகமே வேண்டாம். மேலே இருந்து பார்த்தால் ஃபேன் சுத்தமாகத்தான் தெரியும். ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில்தான் தூசி கம்பளி விரித்தாற்போல் மூடியிருக்கும். ஃபேனைக் கழற்றாமல் அது கண்ணில் படாது.

இன்டெல் கூலருக்கு நாலு பிளாஸ்டிக் கால்கள். தலையில் உள்ள அம்புக்குறிப் பக்கம் திருப்பி மேலே இழுத்தால் விடுபடும். கழற்றுவதற்கு முன் முடிந்தால் கொஞ்ச நேரம் மிஷினை ஓடவிட்டு அணையுங்கள், காய்ந்த பேஸ்ட் சூட்டில் இளகும். நேராகப் பிடுங்காமல் இடமும் வலமும் பைய அசைத்து எடுங்கள். ஏஎம்டி பழைய செயலியாக இருந்தால் இந்த எச்சரிக்கை இரட்டிப்பு. பிடுங்கினால் செயலியும் சாக்கெட்டிலிருந்து சேர்ந்து வந்து, அடியில் உள்ள பின்கள் வளையும். இன்டெல்லில் பின்கள் போர்டின் சாக்கெட்டில் இருக்கின்றன, அங்கே விரலே படக்கூடாது.

பழைய பேஸ்ட்டை ஆல்கஹாலால் முழுக்கத் துடையுங்கள். புதியதை நடுவில் ஒரு பாசிப்பயறு அளவு வைத்தால் போதும், கூலர் அமுக்கும்போது தானே பரவும். அள்ளிப் பூசினால் சூடு கடத்துவது குறையும். மாட்டும்போது நாலு காலையும் பழைய நிலைக்குத் திருப்பி, எதிரெதிர் மூலையாக அமுக்குங்கள். போர்டைத் திருப்பிப் பின்பக்கம் நாலு முனையும் வெளியே வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. ஒரு கால் சரியாக இறங்காவிட்டால் கூலர் ஒருபக்கம் தூக்கி நிற்கும், சூடு பழையபடி ஏறும். சித்திரை வெயிலில் வீட்டுக்குள்ளேயே 35 டிகிரி தாண்டுகிற ஊர் இது. மேஜைக்கு அடியில் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

"ஹார்டு டிஸ்க்ல டிக் டிக்னு சத்தம்"

கையை எடுங்கள். ஸ்கேன் வேண்டாம், செக் டிஸ்க் வேண்டாம், விண்டோஸைச் சரிசெய்யும் முயற்சியும் வேண்டாம். சாகப்போகிற டிஸ்க்கில் ஒவ்வொரு நிமிஷமும் ஃபைல் எடுப்பதற்கு மட்டும்தான். சத்தம் இல்லாவிட்டாலும் இதே வரிசையில் செய்யுங்கள்.

வேறு கம்ப்யூட்டரில், விண்டோஸுக்கு மாற்றான இலவச லினக்ஸ் மின்ட்டைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து மிஷினை எழுப்புங்கள். நிறுவ வேண்டாம், அப்படியே ஓடும். டிஸ்க்கைத் திறந்து வெளி டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். இதில் இன்னொரு லாபம்: கடை மிஷின்களில் பென் டிரைவ் வழியாகப் பரவிய ஷார்ட்கட் வைரஸ் ஃபோல்டர்களை எல்லாம் மறைத்து வைத்திருக்கும். மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொன்னால் லினக்ஸில் அத்தனையும் கண்முன் நிற்கும், வைரஸும் ஓடாது. எக்ஸி (புரோகிராம்) ஃபைல் எதையும் எடுக்காதீர்கள். எழுத்துரு ஃபோல்டரை மறக்காமல் எடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எல்லாம் எடுத்தபின், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் தகவலைப் பாருங்கள். ஐந்தாம் எண் வரிசையிலும் 197-ஆம் எண் வரிசையிலும் உள்ள கணக்கு பூஜ்யத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஓய்வு கொடுங்கள். 199 மட்டும் ஏறினால் டிஸ்க் நல்லது, சாட்டா கேபிள்தான் லூஸ்.

"ஓடுது, ஆனா நகரவே மாட்டேங்குது"

செலவு செய்ய வேண்டிய இடம் இதுதான். 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) ஒன்றும், டிடிஆர்3 ராம் 4 ஜிபி இரண்டும். எச்61 போர்டு 16 ஜிபி வரை தாங்கும், ஆனால் 8 போதும். டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 பின்தான், ஆனால் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், அமுக்கினால் உடையும். பழைய ராமைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். விண்டோஸ் 32 பிட் என்றால் 4 ஜிபி போட்டாலும் மூன்றரைக்குள்தான் பயன்படும், அதனால் 64 பிட்டுக்கு மாற வேண்டும்.

எதை நிறுவுவது? விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஓடு நின்றன, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. விண்டோஸ் 11 இந்தச் செயலியை ஏற்காது. குறுக்கு வழியில் திணிக்கலாம், மகளிடம் கொடுக்கிற மிஷினில் நான் அதைச் செய்ய மாட்டேன். லினக்ஸ் மின்ட்டில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைப் போட்டேன். லிப்ரே ஆபீஸ், பிரௌசர், வீடியோ பாடம், விண்ணப்பம் நிரப்புவது எல்லாம் சுகமாக நடக்கின்றன. தமிழ்99 விசைப்பலகையும் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகக் கிடைக்கிறது.

"பழைய பத்திரிகை ஃபைலத் தொறந்தா தமிழே இல்ல"

பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த பக்கங்கள் இவை. யூனிகோட் புழக்கத்துக்கு வருவதற்கு முந்திய முறையில், ஆங்கில எழுத்து இருக்கும் இடத்திலேயே தமிழ் வடிவத்தை உட்கார வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத மிஷினில் மணமக்கள் பெயர் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். ஃபைல் கெடவில்லை. பழைய டிஸ்க்கின் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள எழுத்துருக்களை எடுத்துப் புதிய மிஷினில் நிறுவினால் எழுத்து திரும்பும்.

பேஜ்மேக்கர் 2001-இல் வந்த 7-ஆம் பதிப்போடு நின்றுபோனது. லிப்ரே ஆபீஸ் டிரா அந்த ஃபைல்களைத் திறக்கும், ஆனால் கட்டமும் பூவேலையும் இடம் மாறும். ஆகவே பழைய விண்டோஸ் இன்னும் எழுகிறது என்றால், டிஸ்க்கைத் துடைப்பதற்கு முன் முக்கியமான பக்கங்களை எல்லாம் அங்கேயே பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். கூட்டாளி சலித்துக்கொண்டான். "பழைய பத்திரிகைய வச்சு என்னடே செய்யப் போறோம்?" என்றான். ஊரில் பாதிக் குடும்பத்தின் கல்யாணத் தேதி, தாத்தா பெயர், தாய்மாமன் வரிசை, குலதெய்வக் கோயில் எல்லாம் அந்தப் பக்கங்களில்தான் எழுத்தாக இருக்கின்றன. அவற்றை எடுக்கவே இந்த மிஷினை எழுப்பியிருக்கலாம். வாசகத்தை மட்டும் யூனிகோடுக்கு மாற்ற பாமினி மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியபின் பெயர்களை ஒரு தடவை கண்ணால் ஒத்துப்பாருங்கள்.

"கரண்டு போனா யுபிஎஸ் கத்திட்டு உடனே அணைஞ்சிருது"

யுபிஎஸ் கெடவில்லை, உள்ளே இருக்கிற 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பேட்டரி செத்துவிட்டது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அதை மாற்றித்தான் ஆக வேண்டும், பேட்டரி மட்டும் தனியாகக் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இடி இறங்கும்போது யுபிஎஸ்ஸை மட்டும் நம்பாமல், பிளக்கையும் இன்டர்நெட் கேபிளையும் உருவிப் போடச் சொல்லுங்கள். கேபிள் வழியாக இடி வந்து லேன் போர்ட் செத்துப்போயிருந்தால், போர்டை மாற்ற வேண்டியதில்லை, யுஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்று சொருகினால் போதும்.